கடைசி டியூப்

இல்ல சார், கிராஃப் சூப்பரா இருக்கு. கலரெல்லாம் நல்லா போட்டிருக்கீங்க. தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் செல்லுக்குள்ள டிஎன்ஏ போயிடுச்சா? பலே. எந்த செல்லுல பாத்தீங்க? சும்மாதான் கேட்டேன். அதானே, எல்லா லேப்லயும் ஈசியா வளர்ற ஹெக் செல்லு. அதுக்கு தேங்காயெண்ணெயில கலந்து குடுத்தாலும் வாங்கிக்கும், அவ்ளோ நல்ல மனசு.

லீனா மேடம் மீட்டிங்ல இருக்காங்க. அவங்கதான் புரொபசர், நான் வெறும் டெக்னீஷியன், சங்கமித்ரா. ஆனா செல்லு வளக்கறது நான், செத்தா கொட்றதும் நான். அதனால எங்கிட்டயே சொல்லுங்க.

போன மாசம் வரைக்கும் வாட்டர் ஃபில்டர் வித்தீங்களா? அப்ப உங்க மேல தப்பில்ல, நானே சொல்றேன். நீங்க விக்கிற லிப்பிட் இருக்கே, அது கொழுப்பு. டிஎன்ஏவ சுத்திக்கிட்டு செல்லுக்குள்ள கொண்டு போகும். கம்மியா ஊத்தினா போகாது, ஜாஸ்தியா ஊத்தினா செல்லு செத்துடும். எங்க செல்லு ஒரு நோயாளியோட தோல்ல இருந்து எடுத்து வளத்தது. சரியான தொட்டாச்சிணுங்கி.

உங்களுக்கு முன்னாடி வந்தவரு டிபன் பாக்ஸ் ஃப்ரீயா குடுத்தாரு. மேடம் உடனே அவரோடதையே வாங்கிட்டாங்க. எங்க பிஎச்டி தேஜஸ், பெரிய படிப்பாளி, செல்லு வளர்ற திரவம், அந்த மீடியத்துல ஆன்டிபயாடிக் இருக்கும்போதே அத ஊத்திட்டான். டிஎன்ஏ கூட ஆன்டிபயாடிக்கும் உள்ள போயிடுச்சு. மறுநாள் வந்து பாத்தா மொத்தமும் செத்து மிதக்குது. ரெண்டு டியூப் செல்லு காலி. டிபன் பாக்ஸ் நல்லாதான் இருக்கு.

இப்ப நைட்ரஜன் டப்பாவுல உறைய வெச்சது ஒரே ஒரு டியூப் இருக்கு. அதுல நல்ல ஜீன விட்டு, செல்லு தேறுதான்னு பாக்கணும். தேறிச்சுன்னா அந்த ஜீன் கெட்டதாலதான் வியாதின்னு தெரியும். அதனால உங்களோடது, மத்தவங்களோடது, எல்லா சாம்பிளையும் மொதல்ல வேற ஒருத்தர் தோல் செல்லுல, அளவு மாத்தி மாத்தி பாப்பேன். ஜெயிச்சது மட்டும்தான் இதுக்கு. காபி மக் வேணாம் சார், பையில வைங்க.

என்னது? அந்த நோயாளிகிட்டயே இன்னொரு தடவ தோல் கேட்டு வாங்கலாமா? அடடா, எங்க யாருக்கும் தோணல பாருங்க. கோலார் பக்கம் கேஜிஎஃப்ல ஆள பொதச்சிருக்கு, போயி கேட்டுட்டு வாங்க.

ஆமா, டியூப் மேல நம்பர்தான் இருக்கும், பேரு இருக்காது. ஆனா அவன ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனதே நான்தான். என் தம்பி, குணசேகர். மொதல்ல படி ஏற முடியல, அப்புறம் சோத்துத் தட்டு புடிக்க முடியல. இருபத்தெட்டு வயசு.

ஐயோ, நீங்க எதுக்கு எழுந்திருக்கீங்க, உக்காருங்க. இந்த சாம்பிள் எத்தன நாள் தாங்கும்? ரெண்டு மாசமா? அவ்ளோல்லாம் வேணாம் சார், இந்த வாரமே பாத்துடறேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் படியில எனக்கும் இப்ப காலு தூக்க வரமாட்டேங்குது.