மாமாவோடு ஒரே வாங்கு

அச்சுவேலிக்குப் போகும் பின்னேர பஸ்ஸில், யாரோ ஏற்றிவிட்ட புகையிலைச் சிப்பத்துக்கும் சன்னலுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த இளைஞர் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“இண்டையச் சோதினையிலையும் வேணுமெண்டுதான் பிழையாய் எழுதிப்போட்டு வாறன்.”

“அந்தப் பெரியாக்களின்ரை இங்கிலீசு வகுப்பிலையோ? உமக்கென்ன விசரே? மேல் வகுப்பு முடிச்சால்தானே கந்தோரிலை உத்தியோகம்?”

“ஓம். மாமாவும் கீழ் வகுப்பிலை என்னோடை ஒரே வாங்கிலை இருந்தெல்லோ படிக்கிறார். பெண் தந்த மனிசனைக் கீழை விட்டிட்டு நான் மேலை போறதோ?”

“அவர் ஒருக்காலும் பாஸ் பண்ணாட்டில்?”

இளைஞர் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

“அவருக்குப் பாடமெல்லாம் வடிவாய்த் தெரியும். நேற்றுத்தான் மாமி என்ரை மனிசியிட்டைச் சொன்னவவாம். மருமோன் படிப்பிலை மந்தம், தான் ஏறினால் மருமோனைப் பாத்து ஊர் சிரிக்குமெண்டு, மாமாவும் வேணுமெண்டுதான் பிழையாய் எழுதிறாராம்.”

“அப்ப அவரிட்டை நேரை சொல்லுமன்.”

“மாமாவுக்கு முன்னாலை நிண்டு இதையெல்லாம் கதைக்கிறதோ?”

சிநேகிதர் அவர் பக்கம் திரும்பினார்.

“தமிழிலை சொல்ல வெக்கமெண்டால் இங்கிலீசிலை சொல்லுமன்.”

இளைஞர் கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டார்.

“அவ்வளவு கதைக்கிற இங்கிலீசை மேல் வகுப்பிலைதான் படிப்பிக்கினம்.”