தந்திக்குப் பதில் கார்டு

கடத்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்த பெண் பக்கத்திலிருந்த தன் தம்பியிடம் கேட்டார்: "உன் கல்யாணத்துக்காவது நீ இருப்பியாடா?"

"இருப்பேன்க்கா."

"நிச்சயத்தன்னைக்கு கம்பெனியில கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு தந்தி வந்துச்சு. பந்தியில இருந்து எந்திரிச்சு ஓடுன."

"நானா புக்கப் பாத்து கத்துக்கிட்டவன்க்கா. புரோகிராம்ல எந்த வரி எதுக்குன்னு குறிப்பு எழுதணும்னு அப்பத் தெரியல. நான் எழுதுனது வேற யாருக்கும் புரியல."

"இப்ப?"

"எல்லாத்துக்கும் குறிப்பு எழுதி வச்சுட்டுத்தான் லீவுல வந்தேன். திங்கக்கிழமை மறுபடி நின்னுச்சாம். கூட வேலை செய்யிறவரு அதப் படிச்சே சரி பண்ணிட்டாராம். தந்தி அடிக்கல, கார்டுதான் போட்டுருக்காரு."

அக்கா கார்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அது என்னோடதுக்கா."

"இருக்கட்டும். பொண்ணு வூட்டுல காட்டிட்டுத் தரேன்."