மூடியில் எழுதிய எழுத்து

புதுத் தீவனத்தில் விடும் முன் புழுவை நன்றாகக் கழுவ வேண்டும், அபர்ணா. இல்லாவிட்டால் பழையது ஒட்டிக்கொண்டே வரும். கழுவியதை வெகுநேரம் பட்டினி போடவும் கூடாது. அன்று காலை உங்கள் கணவர் பிரசாத் அந்த அவசரத்தில் இருந்தார். ஒரு கையில் புழுக்கள். மறு கையால் தீவனக் குழாய்களைத் தேடிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துப் புழுக்கள் மிகச் சிறியவை. இளம் புழு, தின்கிற பாக்டீரியாவைத் தொண்டையிலேயே அரைத்துவிடும். வயதானால் அந்த அரைவை தளர்ந்துபோகும். பிறகு விழுங்கியது உயிரோடு குடலில் இறங்கித் தங்கும், பெருகும். தீங்கில்லாததும் குவியும், தீங்கானதும் குவியும். புழுவை அரைத்து எது எவ்வளவு என்று எண்ணுவதும், எது கொல்கிறது என்று பார்ப்பதும்தான் பிரசாத்தின் கடைசி வருடச் சோதனை. தீவனமாகும் அந்த பாக்டீரியாவை வளர்த்துக் குழாய்களில் கொடுப்பது என் வேலை. குழாய் மூடியில் ஓர் எழுத்துக்குத்தான் இடம்.

நியூ லின் புறநகரில் என் வீட்டில், என் மகன் விட்டுப்போன அறையில்தான் அவர் இரண்டு வருடம் இருந்தார். மகன் பெர்த்திலிருந்து பேசினால் "ஐ'ம் குட், அம்மா" என்பதோடு சரி. பிரசாத் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கும் புட்டா அக்கா? என் குடல்ல புட்டுதான் குவியுது. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"எண்ணுறதுக்கு முதல் உம்மையும் அரைக்க வேணும், தெரியுமோ?"

சோதனை முடிந்தால் அதே நகரத்தில் எல்லர்ஸ்லியில் வேலை. உங்களுக்கு விசா. மாசியில் வாடகைக்கு வீடும் பார்த்துவைத்திருந்தார்.

பத்து மாதத்தில் முடிவு வந்தது. தீங்கில்லாதது கொல்கிறது, கொடியது விட்டுவைக்கிறது. கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். வேறொருவர் குழாய்களைச் சோதித்தபோது எல்லாமே தலைகீழ் என்று தெரிந்தது.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். மூடியில் எழுதியது நான்தான் என்றேன். 'சா' என்றால் சாது, 'ந' என்றால் நஞ்சு. அவர் சாவு என்றும் நல்லது என்றும் படித்திருக்கலாம் என்றேன். அதில் பொய் இல்லை.

என் பெயரைச் சொல்லி, புஷ்பவதியிடம் கேட்டுக்கொள்ளவில்லையா என்று அவரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை என்றார்.

உதவித்தொகையை நீட்டவில்லை. விசா போயிற்று. திருச்சிக்கு வந்த நாலாம் மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஃபோனில் சொன்னீர்கள். முப்பத்தொரு வயது. தூக்கத்தில் எப்படி என்று நான் கேட்கவில்லை.

அவருடைய குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் 'அக்கா சொன்னாங்க' என்று மட்டும் இருக்கிறது, என்ன சொன்னீர்கள் அக்கா என்று கேட்டு எனக்கு எழுதியிருந்தீர்கள்.

அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சோதனை பிசகினால் திரும்பச் செய்ய ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் புட்டுக்கு ஆள் இருக்கும். தீங்கில்லாத ஆசைதானே.

அன்று காலை இரண்டு குழாய்களையும் தூக்கிக் காட்டினார்.

"'சா'ன்னா சாவு, 'ந'ன்னா நல்லது. கரெக்ட்தானே அக்கா?"

"ஓம், சரிதான்" என்றேன்.