தோடு போட்ட எழுத்து

பதுளையிலிருந்து ஹல்துமுல்லை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில், அப்போதுதான் அச்சகத்திலிருந்து எடுத்துவந்த மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

“நம்ம புள்ள பேரு மட்டும் தோடு, ஜிமிக்கி எல்லாம் போட்டு நிக்குது. மாப்பிள்ள பேரு மொட்டையா இருக்கே,” என்றாள் மனைவி.

நானும் எட்டிப் பார்த்தேன். பெண்ணின் பெயரில் ஒவ்வோர் எழுத்தும் நுனி சுருண்டு, குட்டிப் பாதம் ஊன்றி நின்றது. மாப்பிள்ளையின் பெயர் சாதா எழுத்தில் இருந்தது.

“அந்தப் பூ எழுத்துல ஈய அச்சு அச்சகத்துல கொஞ்சந்தான் இருக்காம். ஒரு பேருக்குத்தான் பத்தும்னாங்க.”

“அப்ப மாப்பிள்ளைக்கில்ல போட்டிருக்கணும். அவுங்க அம்மா சும்மா இருப்பாங்களா? பந்தல்லயே கேப்பாங்க.”

“நானும் அதத்தான் சொன்னேன். அச்சுக்குக் குடுக்கப் போனப்ப மாப்பிள்ளையும் வந்தாருல்ல, அவருதான் கேக்கல. எனக்கு எதுக்கு, பொண்ணு பேருக்கே போடுங்கன்னுட்டாரு.”

பண்டாரவளை தாண்டியதும் அவள் பத்திரிகையை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

“இங்க பாருங்க, அவுங்க அம்மா கேட்டா மாப்பிள்ளைய இழுக்காதீங்க. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னு இப்படி அடிக்க வச்சேன்னு சொல்லிருங்க.”