ப்ரிண்டரைக் காணும்

...இல்ல, நான் கேக்கறேன், காணும்னா என்ன அர்த்தம்? ப்ரிண்டர் இதோ என் மேஜைமேல கல்லுப் பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கு. பச்சை லைட்டு எரியறது. அந்தப் பொண்ணு சிந்து, நாலடி தள்ளி அதோ அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்துண்டு, "மாமா, ப்ரிண்டரைக் காணும்ங்கறது, ப்ரிண்டரைக் காணும்ங்கறது"ன்னு பஜனை பண்ணிண்டிருக்கா. எழுந்து வந்து பாத்தா தெரியாதா? ஆனை காணாமப் போச்சுன்னு பானைக்குள்ள தேடறவாளை என்ன பண்றது?

உக்காருங்கோ தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருக்கற உமர் ஃபாரூக்னுதானே சொன்னேள்? நான் பத்ரிநாராயணன். சர்க்கார் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிட்டு, இப்போ இந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடைல மேட்டர் அடிச்சுண்டிருக்கேன். காபி சொல்லட்டுமா? வேண்டாமா? அதுவும் சரிதான். கீழ கடைல சிக்கரியைக் கரைச்சுக் குடுக்கறான்.

எங்க விட்டேன்? ஆங்... எங்க மொதலாளி ஜவஹர் கெட்டிக்காரர். ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கினார், ப்ரிண்டர் ஒண்ணு போறும்னுட்டார். உங்க கம்பெனிக்காராதான் வந்து நடுவுல கறுப்பா ஒரு ஒயரை இழுத்துக் கட்டி, "இனிமே ரெண்டுக்கும் பொது"ன்னுட்டுப் போனா. பொதுன்னா என்ன தம்பி? மைலாப்பூர்ல எங்க ஃப்ளாட்ல பொதுக் குழாய்னு ஒண்ணு இருக்கு. பேருதான் பொது. ரெண்டாவது மாடி ஹம்சா மாமி கொடத்தை வெச்சுட்டான்னா மத்தவாளுக்கெல்லாம் காத்துதான் வரும். அந்த மாமி இருக்காளே... சரி சரி, அது இப்போ எதுக்கு.

எப்பெப்போ வேலை செய்யலேன்னா கேக்கறேள்? அதுக்குத்தான் நோட்டே போட்டு வெச்சிருக்கேன். எழுதிக்கோங்கோ. செவ்வாய், மூணுலேர்ந்து நாலரை. புதன், பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை. வியாழன், ஒண்ணரைலேர்ந்து மூணு. வெள்ளி, அதாவது இன்னிக்கு, பத்தரைக்கே படுத்துடுத்து. சனிக்கிழமை கடை தொறந்ததுலேர்ந்து பத்தரை வரைக்கும். திங்கக்கிழமை மட்டும் சமத்தா இருக்கு. ஒயர் கெட்டா மணி பாத்துண்டா கெடும்? இப்படிக் கிட்ட வாங்கோ, அவ காதுல விழப்படாது. இது மெஷின் கோளாறே இல்லை தம்பி, மனுஷக் கோளாறு. வேலைக்குச் சோம்பிண்டு அவளேதான் ஒயரைப் பிடுங்கி விடறா.

போன வாரம் மாம்பலம் பார்ட்டி வந்து காட்டுக் கத்தல் கத்திட்டுப் போனா, பத்திரிகை லேட்டுன்னு. இனிமே பொறுக்கப்படாதுன்னு மொதலாளிக்கு ரெண்டு பக்கம் லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன். இங்கிலீஷ்ல! இன்னிக்குப் பதினோரு மணிக்கு அவளை உள்ள கூப்பிட்டு, நாளைலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லப்போறார். பாவந்தான். கொட்டிவாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரா. இந்த வேலைக்காக அசோக் நகர்ல ஆறு மாசம் கோர்ஸ் படிச்சிருக்கா. அதுக்காக? நேக்கு நியாயம்னா நியாயம்.

என்ன தம்பி, நோட்டை விட்டுட்டு காலண்டரையே பாக்கறேள்? ஆமா... வெள்ளி, ராகு காலம் பத்தரை டு பன்னண்டு. அதுக்கென்ன?... வியாழன் ஒண்ணரை டு மூணு... ஆமா, அதுவும்தான். அட, அந்த நேரத்துல யாராவது கல்யாணப் பத்திரிகைல கை வெப்பாளா? நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு? அதான் டாண்ணு மணி பாத்து என் கம்ப்யூட்டரை அணைச்சுடுவேன். ப்ரிண்டரை இல்லை! அதை நான் தொடறதே இல்லை. அவளுக்கு வேணுமே, எரியட்டும்னு விட்டுடுவேன். அந்தளவுக்கு மனசாட்சி உண்டு நேக்கு.

ஏன் சிரிக்கறேள்?... ப்ரிண்டர் ஒயரா? இதோ, என் கம்ப்யூட்டர் முதுகுல போய்ச் சொருகியிருக்கு... ஆமா... அவ அனுப்பறது இது வழியா வந்துதான்... இது தூங்கினா... அதைத் தொடாதேங்கோ தம்பி, இப்போ போய் ஆன் பண்... பண்ணிட்டேள்.

சிந்து, இப்போ அனுப்பு பாக்கலாம்.

அடேடே... தள்றதே! "சௌபாக்யவதி சாருலதாவுக்கும் சிரஞ்சீவி பரத்வாஜுக்கும்..." ஒரு கால், ஒரு புள்ளி தப்பில்லாம அடிச்சிருக்கா. இவளையா நான்... மூணு மாசமா...

அந்த ரிப்போர்ட்ல "காரணம்"ங்கற எடத்துல என்ன எழுதறேள்? என் பேரா? கரண்ட் கட்டுன்னு எழுதப்படாதா?... படாதா... உங்க கையெழுத்து ரொம்பத் தெளிவாத்தான் இருக்கு.

மணி பதினொண்ணு. கூப்பிட்டுட்டார். டிபன் டப்பாவைக்கூட எடுத்துப் பையில வெச்சுண்டுட்டா, பாருங்கோ. தெரிஞ்சிருக்கு அவளுக்கு. தெரிஞ்சும் காலம்பற வந்தொடனே "குட்மார்னிங் மாமா"ன்னா. பன்னண்டு அடிக்கட்டும், நானே உள்ள போய்ச் சொல்லிடறேன். ஒரு மணி நேரந்தானே? அதுக்குள்ள என்ன குடி முழுகிப் போயிடும்... இல்ல, அவளுக்கு முழுகித்தான் போயிடும்.

எங்க எழுந்துட்டேள்? மொதலாளி ரூமுக்கா? நீங்க போகாதேங்கோ. அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்கோ. குடுங்கோங்கறேன்! சிந்து, நில்லும்மா, கதவைத் திறக்காதே, நான் முன்னாடி போறேன்.

என்ன பாக்கறேள் தம்பி? ராகு காலத்துல புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது, அவ்ளோதான் சாஸ்திரம். இது புதுசா என்ன? அந்த லெட்டரை நான் போன வாரமே பஞ்சாங்கம் பாத்து, நல்ல நேரத்துலதான் குடுத்தேன்.