யாரோ தூக்கலாம், பெத்தவ தூக்கக்கூடாதா

ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் கூட்டம். எனக்கு முன் சீட்டில் ஒரு மருமகளுக்கு இடம் கிடைத்தது. கைக்குழந்தையோடு நின்ற மாமியார், அவள் மடியைத் தாண்டி, ஜன்னலோரம் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் குழந்தையைக் கொடுத்தார்.

"யாரோ தூக்கலாம், பெத்தவ தூக்கக்கூடாதா அத்தை?"

"உனக்கு ஹெபடைடிஸ் சி-ன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. புள்ளைக்கும் ஒட்டணுமா?"

"வந்தா, வயித்துல இருக்கறப்பவோ பொறக்கறப்பவோ வந்திருக்கும். தூக்கினா வராது, பால் குடுத்தாலும் வராதுன்னு அதே டாக்டர்தானே சொன்னாங்க? மார்ல வெடிச்சு ரத்தம் வந்தாத்தான் நிறுத்தணுமாம். அது மட்டும் உங்க காதுல விழலையா?"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க. டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் தூக்கிக்க."

"ஒன்றரை வயசுலதான் எடுப்பாங்களாம். அதுவரைக்கும் பஸ்ஸுல வர்றவங்க எல்லாம் என் புள்ளைய வளர்க்கட்டுமா?"

குழந்தை வீறிட்டு அழுதது. மாமியார் பையிலிருந்து புட்டிப்பாலை எடுத்தார். ஜன்னலோரத்து அம்மாள் அதை வாங்கவில்லை.

"பசிக்குதும்மா, இந்தா," என்று குழந்தையை மருமகளிடம் நீட்டினார். மாமியாரின் கை குறுக்கே வந்தது.

"கைய எடுங்க அத்தை."

முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினாள். நான் தலையைத் திருப்பி வெளியே காவிரியைப் பார்த்தேன். பாலம் முடிவதற்குள் அழுகை நின்றுவிட்டது.