பம்பு ஒயரைக் கழற்றியவர் யார் என்பது பற்றி

படகுத்துறையில் என்னைப் பியூஸ்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பத்தொன்று. ஐஸ் கம்பெனி சந்தில் கடைசி மாடி வீட்டில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இருபத்தாறு வருடமாகப் படகுகளில் ஒயரிங் வேலை பார்க்கிறேன். இப்போது தங்கள் காவலில் இருக்கும் படகு டிரைவர் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் காரணம் நான்தான். ஒருநாள் அவன் படகில் விளக்கு அணைந்தபோது, "ஒயர்ல கைவைக்காதேன்னு எத்தனை தடவடா சொல்றது" என்று பயணிகள் முன்னால் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு அவனே போன் செய்தான். மெயின் பிரேக்கர் மூன்று நாளாகப் போடப் போட விழுகிறது, பம்பு ஓடாததால் அடியில் சேரும் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், வந்து பாருங்க மச்சான் என்றான். மச்சான் என்று கேட்டதும் சட்டைகூட மாற்றாமல் ஓடினேன். அதன்பின் எல்லா லைனையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, பிரேக்கரைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு, ஹாரன், வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் விழாமல் நின்றது. பம்பு லைனை மாட்டியதும் விழுந்தது. அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்ததில், ஜாயிண்டில் உப்புத் தண்ணீர் ஏறிப் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. அந்த ஜாயிண்ட் நான் போட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் அவசரத்தில் வெறும் டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன்பின் அதை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பம்பு லைனை மாட்டாமல் தனியாக விட்டுவிட்டேன். பிரேக்கர் விழாமல் நின்றது. எங்கள் தொழிலில் ஒரு ஒயர் கழன்றிருந்தாலும் ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி கட்டாமல் இறங்க மாட்டோம். துணி இருந்தால் டிரைவர் சாவியைத் தொட மாட்டார். நான் கட்டவில்லை. கட்டினால் ஏன் என்று கேட்பான், ஜாயிண்டைக் காட்ட வேண்டிவரும். அவன் முகமெல்லாம் சிரிப்பாக டீ வாங்கி வந்து கொடுத்தான். "சரியாயிடுச்சா மச்சான்?" என்றான். "இனிமே விழாது" என்றேன். பம்பு ஓடாது என்பதைத் தெரிந்தே சொல்லவில்லை. அடுத்த நடை இரண்டு மணிக்குத்தான், அதற்குள் ஜாயிண்டுக்குத் தண்ணீர் ஏறாத நல்ல ட்யூப் வாங்கிவந்து சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கடை சாப்பாட்டு நேரத்துக்குச் சாத்தியிருந்தது. திறக்கும்வரை நின்று வாங்கிக்கொண்டு திரும்பியபோது மணி ஒன்றரை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் சேர்ந்துவிட்டதால் அவன் முன்கூட்டியே கிளம்பியிருந்தான். இஞ்சின் தண்டு வழியாக அந்தப் படகில் எப்போதும் தண்ணீர் கசியும். பம்பு சரியாகிவிட்டது என்று நம்பியதால் அன்று அவன் இறைக்கவில்லை. பாதி வழியில் தண்ணீர் ஏறி இஞ்சின் நின்று, படகு பாலத் தூணில் மோதியது. பதினாலு பேரையும் அவன்தான் தோளில் பிடித்துத் தூணின் படியில் ஏற்றினான் என்று கேள்விப்பட்டேன். தையல்கார அம்மா ஒருவருக்குக் கை முறிந்தது.

பம்பு ஒயரைத் தானேதான் கழற்றியதாக அவன் தங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதை இன்று காலை அறிந்தேன். அது பொய். தண்ணீர் ஏறி அவன் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்ததும், ஒயர் கழன்று கிடப்பது யார் வேலை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் ஒயரைத் தொடவே இல்லை. கம்பிக்குப் பின்னால் அவனைப் பார்த்து, "ஏன்டா மாப்ளே இப்படிச் செஞ்ச" என்று கேட்டேன். "நீங்க கிளம்புங்க மச்சான், அக்கா தனியா இருக்கும்" என்று மட்டும் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் லைசென்ஸ் போகக்கூடாது. போவதென்றால் என்னுடையது போகட்டும். வெட்டிய ஜாயிண்டையும் என் ஒயரிங் லைசென்ஸ் அட்டையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை எழுத்தர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். பம்பு விஷயத்தை 'ஞாபக மறதியால் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார். என் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பார். அதை அடித்துவிட்டு 'தெரிந்தே சொல்லவில்லை' என்று போடச் சொன்னேன், போட்டார். இப்போது இதில் உள்ளது அவ்வளவும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)